கோப்பு யார் கையில்?

செம்மணிப் புதைகுழி மறுபடி தோண்டப்பட்டதிலிருந்து யாழ்ப்பாணத்தில் ஒரு பேச்சு அடிபடுகிறது: பிரான்சில்போல நீதிபதியே உண்மையைத் தேடிப் புறப்படும் விசாரணைமுறை இங்கும் இருந்திருந்தால், 1999இலேயே எல்லாம் வெளிவந்திருக்குமாம்.

அந்த முறையில் நன்மை உண்டு. பெரிய அப்புக்காத்தைப் பிடிக்க வசதியில்லாதவனும் அங்கே பிழைக்கலாம். குறுக்கு விசாரணையில் சாட்சியை வதைக்கும் கூத்தும் குறைவு. சரி.

ஆனால் அதன் ஒரு துண்டு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சந்தேக மரணங்களை விசாரிக்கும் பொறுப்பை 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை நீதவானுக்குக் கொடுத்திருக்கிறது. 2025 பெப்ரவரியில் செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் தகனமேடை வேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் வந்தன. அகழ்வு யாழ். நீதவானின் மேற்பார்வையில் நடந்தது. ஓகஸ்ட் 5ஆம் திகதி சனங்கள் வரிசையில் வந்து, மண்ணுக்குள்ளிருந்து எடுத்த நீலப் புத்தகப்பையையும் பொம்மையையும் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நீதவான் தேடுகிறார்தான். யாரைக் கொண்டு? குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தைக் கொண்டு. காசு அரசாங்கத்தின் காசு. வழக்குப் போடவேண்டியவர் சட்டமா அதிபர். சந்தேகம் விழுவதோ அரசின் படைமீது. மாணவி கிருஷாந்தியின் கொலை வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ஷ, 300 முதல் 400 சடலங்கள் வரை செம்மணியில் புதைக்கப்பட்டதாகச் சொன்னார். மறு வருடம் தோண்டியதில் 15 கிடைத்தன. அவற்றுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

விசாரணைமுறையில் கோப்புத்தான் வழக்கு. கோப்புப் பிழைத்தால் பிரான்சிலும் பிழைதான்: ஊத்ரோ சிறுவர் துஷ்பிரயோக வழக்கில் இளம் நீதிபதி ஒருவர் கட்டிய கோப்பைக் கலைத்து, அதில் அநியாயமாகச் சிக்கிய 13 பேரையும் நிரபராதிகளாக்கி முடிக்க 2005 டிசெம்பர் ஆயிற்று. ஜேர்மனி 1975இலேயே விசாரணை நீதிபதியைக் கைவிட்டுவிட்டது. நம்மூர்க் கோப்பை யார் எழுதுவார் என்று பார்க்க வேண்டுமானால், அதே 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்தைப் பாருங்கள். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் கொடுத்த வாக்குமூலம் அதில் சாட்சியம். அது வற்புறுத்தி எடுக்கப்பட்டதென்று நிரூபிப்பது எதிரியின் பாடு. அந்தச் சட்டத்தில் பிடிபட்ட, சிங்களம் வாசிக்கத் தெரியாத சிங்கராசா, சிங்களத்தில் எழுதிய தாளில் கைநாட்டு வைத்தார். 50 வருடம்; மேன்முறையீட்டில் 35. தேடலின் நேர்த்தியைப் புகழ்பவர்கள் இந்தத் தாளை ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கட்டும்.

நல்ல நீதவான் ஒருவர் வந்தால் போதும் என்பார்கள். வரலாம். பிறகு அவருக்கு இடமாற்றம் வரும். அடுத்த தவணையில் புதியவர் முன் வைக்கப்படுவது பொலிஸாரின் அதே பி அறிக்கை.