நாலாவது டிவிஷனில் கேமரா இல்லை

தமிழ் கிரிக்கெட் படங்களில் ஒரு பையன் தெருவில் ஆடுவான். அடுத்து ஸ்டேடியத்தில் ஆடுவான். நடுவில் ஒரே ஒரு கதவு. அதற்குப் பெயர் செலக்‌ஷன். அந்தக் கதவில் உட்கார்ந்திருப்பவர் கெட்டவராக இருந்தால் படம் அழும், நல்லவராக இருந்தால் பாட்டு வரும். கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் கழிக்கிற ஆறேழு வருஷத்தைப் பற்றி நம் இயக்குநர்களுக்குச் சொல்ல எதுவுமே இருந்ததில்லை. ஆட்டக்காரன் என்கிறவன் உருவாவதோ, உதிர்ந்துபோவதோ அங்கேதான்.

அந்த இடைவெளிக்கு ஒரு நிஜமான அமைப்பு இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் நடத்துகிற லீக். மேலே முதல் டிவிஷன். ஜாலி ரோவர்ஸ், விஜய் சிசி மாதிரி கிளப்புகள், அவற்றுக்குப் பின்னால் கம்பெனிகள். கீழே இரண்டு, மூன்று, நான்கு என்று படிகள். முதல் டிவிஷனில் ஜெயிப்பவர்களுக்குப் பாளையம்பட்டி ராஜா பெயரில் ஒரு கேடயம் உண்டு. நாலாவது டிவிஷனில் ஆடுகிற பையனை யாரும் பார்ப்பதில்லை. சனி ஞாயிறு கேலரி கிடையாது, மரத்தடியில் நாலு பைக் நிற்கும், ஸ்கோர் எழுதுகிறவர் இருப்பார். ரஞ்சி அணிக்குப் போகிற வழி பெரும்பாலும் அந்த மரத்தடியில்தான் ஆரம்பிக்கிறது.

அமெரிக்காக்காரன் இதையே பெரிய தொழிற்சாலையாகக் கட்டி வைத்திருக்கிறான். பேஸ்பாலில் மைனர் லீக் என்று பெயர். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி, காசு கொடுத்து ஆளை வாங்குவதைவிட நாமே விதைத்து வளர்த்தால் மலிவு என்று கணக்குப் போட்டு, சின்னச் சின்ன ஊர் அணிகளைத் தன் அணியோடு சேர்த்துக்கொண்டார். அதற்கு அவர்கள் வைத்த பெயரே பண்ணை முறை. இன்றைக்கு 30 பெரிய அணிகள், அவற்றின் கீழே 120 சிறு அணிகள். சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு படி. ஏப்ரலில் ஆரம்பித்து செப்டம்பர் வரை ஒவ்வோர் அணியும் 130 ஆட்டத்துக்குக் குறையாமல் ஆடும். ஊருக்கு ஊர் பஸ்தான். 2021க்கு முன்னால் இந்தக் கணக்கில் 160 அணிகள் இருந்தன. 40 ஊர்களுக்கு ஒரே வருஷத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். பண்ணை என்றால் அறுவடையும் உண்டு, களையெடுப்பும் உண்டு.

இந்தத் தொழிற்சாலைக்குள் இரண்டு இந்தியப் பையன்கள் போனார்கள். ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசத்துக்காரர்கள், ஈட்டி எறிந்தவர்கள், பேஸ்பால் பார்த்தே இராதவர்கள். வேகமாக எறியும் ஆளைத் தேடி 2008இல் நடந்த ஒரு டிவி போட்டியில் வென்று, அதே வருஷக் கடைசியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள். டிஸ்னி 2014இல் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்று படம் எடுத்தது, இசை ஏ.ஆர். ரஹ்மான். நம்ம ஆள் இசை என்று நானும் ஆசையாகத்தான் பார்த்தேன். படம் எங்கே முடிகிறது தெரியுமா? ஒப்பந்தம் கிடைத்ததோடு. அதற்கப்புறம் தினேஷை 2010இல் அணி விடுவித்துவிட்டது. ரிங்கு சிங்கிள்-ஏ வரை ஏறினார், கையில் காயம், சிகிச்சை, மறுபடி காயம். 2018இல் மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஇயில் சேர்ந்து வீர் மகான் ஆனார். எது கதை, நீங்களே சொல்லுங்கள். டிஸ்னி எடுத்தது கதையின் முதல் பாரா. மிச்சத்தை எழுத்தாகக்கூட இரண்டு வரியில் திரையில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

இதை எடுக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் ‘சுகர்’ படத்தைக் காட்டுவேன். 2008இல் ஆனா போடனும் ரயன் ஃபிளெக்கும் எடுத்தது. டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த மிகேல் சாண்டோஸ், பட்டப்பெயர் சுகர், பந்து எறிபவன். ஓர் அமெரிக்க அணி அங்கேயே அகாடமி வைத்து இந்தப் பையன்களைச் சோறு போட்டு வளர்க்கிறது. ஆங்கில வகுப்பில் ஆட்டச் சொற்களை மட்டும் கோரஸாக ஒப்பிக்கிறார்கள், நம்ம ஊர் வாய்ப்பாடு மாதிரி. அவனை அயோவாவின் ஒரு சிங்கிள்-ஏ அணிக்கு அனுப்புகிறார்கள். சோளக்காடு, சர்ச், வயதான விவசாயத் தம்பதி வீட்டில் ஓர் அறை. ஓட்டலில் அவனுக்குக் கேட்கத் தெரிந்தது ஃபிரெஞ்சு டோஸ்ட் மட்டும்தான், அதனால் தினமும் அதையே தின்கிறான். முட்டையை எப்படிப் போடணும் என்று கேட்டால் பதில் தெரியாது. ஆட்டத்தில் சின்ன அடி, அதோடு எறிதல் தடுமாறுகிறது. யாரும் அவனைத் திட்டுவதில்லை, துரத்துவதில்லை. படத்தில் வில்லனே கிடையாது. அவனுக்குப் பின்னால் அதே அகாடமியிலிருந்து இன்னொரு பையன் வந்து இறங்குகிறான், அவ்வளவுதான். சுகர் ஒருநாள் அணியை விட்டு நியூயார்க்குக்குப் பஸ் ஏறிவிடுகிறான். மரவேலை செய்கிறான், அம்மாவுக்காக ஒரு மேசை செய்கிறான். ஓய்வு நாளில் பூங்கா மைதானத்தில் ஆடப் போனால், அங்கே ஆடுகிற எல்லோரும் இவனை மாதிரியே ஏதோ ஒரு பெரிய அணியின் பண்ணையில் விளைந்து வெளியே வந்தவர்கள். ஒவ்வொருவராகப் பெயரையும் இருந்த அணியையும் கேமராவைப் பார்த்துச் சொல்கிறார்கள். அந்த இரண்டு நிமிஷத்துக்குச் சமமான ஒன்று தமிழ் விளையாட்டுப் படங்களில் இல்லை.

ஏன் இல்லை? நம்மிடம் கதை இல்லாததால் அல்ல. நடராஜனை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் வாழ்க்கையை எல்லோரும் மூன்று ஷாட்டில் சொல்லிவிடுவார்கள்: சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி, டென்னிஸ் பந்து, ஆஸ்திரேலியா. 2020 டிசம்பர் 2 கான்பெராவில் ஒருநாள் ஆட்டம், இரண்டு நாள் கழித்து அங்கேயே டி20, 2021 ஜனவரி 15 பிரிஸ்பேனில் டெஸ்ட். நெட்டில் பந்து போடப் போனவர் மூன்று வகை ஆட்டத்திலும் இந்தியாவுக்கு ஆடிவிட்டு வந்தார். கேட்கவே புல்லரிக்கும்தான். ஆனால் இருபது வயசு வரை டென்னிஸ் பந்தில் மட்டும் ஆடியவர், அண்ணன் ஸ்தானத்தில் இருந்த ஜெயப்பிரகாஷ் வழிகாட்ட, நாலாவது டிவிஷனில் பிஎஸ்என்எல் அணிக்கு ஆடத் தொடங்கியது 2010-11இல். அங்கிருந்து கான்பெராவுக்குப் பத்து வருஷம்.

அந்தப் பத்தில் எனக்கு முக்கியமானது ஒரே ஒரு வருஷம். 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக ரஞ்சியில் அறிமுகம். உடனே, பந்து வீசும் முறையில் சந்தேகம் என்று நடுவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டென்னிஸ் பந்து ஆடியவர்களுக்கு இது புரியும். அந்தப் பந்துக்கு எடையே இல்லை. வேகம் வேணும்னா கையை மடக்கி வெட்டி விடத் தோணும், ஊர் ஆட்டத்தில் யாரும் அதைக் கேட்க மாட்டார்கள். லெதர் பந்தில் முழங்கை 15 டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. எது அவரை ஊரில் பெரிய ஆளாக்கியதோ அதே பழக்கம் மேலே வந்ததும் குற்றமாகிவிட்டது. இருபத்துமூன்று வயசில், கை தானாகச் செய்கிற ஒன்றை மறந்து புதிதாகக் கற்றுக்கொள்ளணும். சங்கத்தின் பயிற்சியாளர்களோடு கிட்டத்தட்ட ஒரு வருஷம் அதிலேயே போனது. 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது திரும்பி வந்தார், அதுவும் எங்க திண்டுக்கல் டிராகன்ஸ் சட்டையில். 2017 ஏலத்தில் பஞ்சாப் 3 கோடிக்கு எடுத்தது. அப்புறம் ஹைதராபாத், இரண்டு சீசன் ஒரு மேட்ச்கூட இல்லாமல் பெஞ்ச்.

நான் இயக்குநராக இருந்தால் அந்த 2015ஐ மட்டும் இரண்டரை மணி நேரம் எடுப்பேன். ஆஸ்திரேலியாவே வேண்டாம்.

சுசீந்திரன் திண்டுக்கல் மாவட்டத்துக்காரர். ‘வெண்ணிலா கபடி குழு’வில் எங்க பக்கத்து மண்ணை அப்படிக் காட்டியவர். அவர் 2014இல் எடுத்த ‘ஜீவா’தான் தமிழில் இந்தக் கதவைப் பற்றிக் கோபத்தோடு பேசிய முதல் படம். தேர்வாளர் தட்டிக்கொடுப்பதுபோல் தோளைத் தடவி, சட்டைக்குள் பூணூல் இருக்கிறதா என்று பார்க்கிற காட்சி இருக்கிறதே, அதைத் துணிச்சலோடுதான் எடுத்தார். அந்தக் கோபம் நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் சண்டை அதன் வடிவத்தோடு. அநியாயத்தை ஒரு விரலில், ஒரு ஆளில் கொண்டுவந்து நிறுத்தியதும் படம் சுலபமாகிவிடுகிறது. அந்த ஆளைத் தாண்டிவிட்டால் போதும், பையன் இந்தியாவுக்கு ஆடிவிடுவான். நிஜத்தில் சலித்தெடுக்கிற வேலை தேர்வறைக்கு வெகு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. சென்னையில் ஐந்து வருஷம் தங்க யாரால் முடியும், ஒரு ஜோடி நல்ல ஸ்பைக்ஸ் யாரிடம் இருக்கு, காயம் பட்டால் மூணு மாசம் வேலைக்குப் போகாமல் யார் இருக்கலாம், கிளப் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்ல யாருக்கு மாமா இருக்கார் என்கிற கேள்விகளில் சாதி இன்னும் ஆழமாக, யாரும் தோளைத் தடவாமலேயே வேலை செய்கிறது. ‘ஜீவா’வின் கேமரா அந்த வீடுகளுக்குள், அந்த ஐந்து வருஷத்துக்குள் போயிருந்தால் பார்த்தசாரதி என்கிற பாத்திரமே தேவைப்பட்டிருக்காது.

ஒரு வேடிக்கை. அதே ‘ஜீவா’வில் கிரிக்கெட் ஆடுகிற பையன்களில் ஒருவராகச் சில நொடிகள் வந்துபோகிறவர் வருண் சக்கரவர்த்தி. அப்போது அவர் கட்டடக் கலை படித்தவர், அவ்வளவுதான். பிறகு வேகப்பந்து போட்டு, முழங்காலில் அடிபட்டு, சுழலுக்கு மாறி, நாலாவது டிவிஷனில் ஜூபிலி கிளப்புக்கு ஆடி, 2018இல் மதுரை பாந்தர்ஸுக்காக அசத்தி, அந்த வருஷக் கடைசியில் 8.4 கோடிக்கு ஏலம் போனார். 2021இல் இந்தியாவுக்கு ஆடினார். படத்தின் ஹீரோவுக்குக் கிடைத்ததைவிட நல்ல திரைக்கதை ஓரத்தில் நின்ற ஆளுக்குக் கிடைத்தது. சுசீந்திரனின் ஃபிரேமுக்குள் அது இருந்தது, அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

‘கனா’வைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். அப்பா வயலைப் பற்றிய பகுதி கிரிக்கெட்டைவிட நன்றாக இருக்கும். ‘சென்னை 600028’ வேறு ரகம், அதில் மேலே போகிற ஆசையே யாருக்கும் கிடையாது, அதுதான் அதன் அழகு.

‘லப்பர் பந்து’ (2024) அந்த அழகை எடுத்துக்கொண்டு அதற்குள் வலியை வைத்தது. தமிழரசன் பச்சமுத்துவுக்கு ஊர் ஆட்டம் தெரியும். அன்பு சாதியால் ஜாலி ஃப்ரெண்ட்ஸ் அணிக்கு வெளியே நிறுத்தப்பட்டவன், கூப்பிட்ட அணிக்கெல்லாம் கெஸ்ட் பிளேயராகப் போய் ஆடுகிறவன். கெத்து நாற்பதைத் தாண்டியும் மட்டையை விடாத பெயின்டர். அவர் மனைவி டிராக்டரை விட்டு பிட்சை உழுது போடுகிற காட்சிக்குத் தியேட்டரில் விழுந்த கைதட்டலில் பாதி பெண்களுடையது. ஒரு மனுஷன் ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் ஆட்டத்துக்குக் கொடுத்தால் அதற்கான விலையை வீட்டில் யார் கட்டுகிறார்கள் என்று தமிழில் முதலில் கேட்ட கிரிக்கெட் படம் இதுதான். ‘சுகர்’ படத்தின் கடைசி மைதானத்துக்கு மிக அருகில் வந்த தமிழ்ப் படமும் இதுதான். ஆனால் கெத்து ஏன் ரப்பர் பந்தோடு நின்றுவிட்டார்? லெதர் பந்தைத் தொட்டாரா, தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாரா? அந்தக் கேள்வி படம் முழுக்க என் தலைக்குள் சுற்றியது. படம் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆத்தூர்ப் பக்கம் இது கற்பனைக் கேள்வி இல்லை. காமராஜர் அணைக்குப் போகிற வழியில், சின்னாளபட்டியில், செம்பட்டியில், கோடை விடுமுறையில் எந்த காலி நிலத்திலும் ஃப்ளெக்ஸ் கட்டி டோர்னமென்ட் நடக்கும். கோப்பையோடு ரொக்கம், சில நேரம் ஆட்டுக்கிடா. அங்கே யார்க்கர் போடுகிற பையன்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கிருந்து திண்டுக்கல் போய் பஸ் மாறினால் நத்தம் ரோட்டில் என்பிஆர் கல்லூரி மைதானம். 2016இலிருந்து பிரீமியர் லீக் ஆட்டங்கள் அங்கே நடக்கின்றன. 2024இல் அஸ்வின் தலைமையில் திண்டுக்கல் டிராகன்ஸ் கோப்பை வென்றது. 2025 இறுதி ஆட்டம் இதே நத்தத்தில் நடந்து, திருப்பூரிடம் தோற்றது. ஊரே கொண்டாடியது, கொண்டாடட்டும். அஸ்வின் மேற்கு மாம்பலத்துக்காரர். அணிக்கு எங்க ஊர்ப் பெயர், ஆட்களோ மாநிலம் முழுக்கத் தேடி எடுத்தவர்கள். ஒரு மாசம் விளக்கு எரியும், அப்புறம் மைதானம் கல்லூரிக்குத் திரும்பிவிடும். அயோவாவில் குறைந்தபட்சம் ஆறு மாசம் அந்தப் பையன்கள் அதே ஊர்ச் சோற்றைத் தின்று, அதே ஊர் ஜனங்கள் முன்னால் தோற்பார்கள், தேறுவார்கள். ஆத்தூர்ப் பையனுக்கு நத்தத்தில் கிடைப்பது கேலரி டிக்கெட். அவனுடைய சிங்கிள்-ஏ 400 கிலோமீட்டருக்கு அப்பால் சென்னையில் இருக்கிறது.

இதற்கு எதிராக ஒரே ஒரு ஊர் ஒரு காரியம் செய்திருக்கிறது. 2019 இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல் டிராகன்ஸை ஐந்து விக்கெட் எடுத்துச் சாய்த்தவர் சேப்பாக் சூப்பர் கில்லீஸின் பெரியசாமி. அந்தத் தொடரின் சிறந்த வீரரும் அவரே. எந்த ஊர் என்று பார்த்தால் சின்னப்பம்பட்டி. நடராஜன் கைபிடித்துக் கூட்டி வந்த பையன். 2023இல் அதே ஊரில் நடராஜன் சொந்தமாக ஒரு மைதானம் கட்டித் திறந்தார். புல், பிட்ச், நெட் எல்லாம் உள்ள லெதர் பந்து மைதானம். யாராவது ஒரு இயக்குநர் அங்கே போய் ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். காலையில் வருகிற முப்பது பையன்களில் மூணாவது மாசம் யார் வருவதை நிறுத்துகிறான், ஏன் நிறுத்துகிறான் என்பதிலிருந்து படத்தை ஆரம்பிக்கலாம்.