இரண்டு பகடைக்கு ஒரு பெரெட்டா

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் விளையாட்டில் ஒரு தனிக் கிளை உண்டு. நிஜத் துப்பாக்கிகளை எண்களாக மாற்றும் வேலை அது. அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 1986இல் வெளியிட்ட ‘கர்ப்ஸ்’ விதித்தொகுதி இதற்குப் பேர்போனது. எந்தத் துப்பாக்கியானாலும் அதில் ஒரே வரிதான்: சேதம், துல்லியம், தூரம், எடை, குண்டுகள், உதைப்பு, சட்ட வகுப்பு, பழுதாகும் வாய்ப்பு. விதிநூலில் இல்லாதவற்றை ஆர்வலர்களே அளந்து, கணக்குப் போட்டு, புது வரியாகச் சேர்க்கிறார்கள். இவர்களுக்கு இத்தாலி பிடித்த நாடு. கார்தோனே ஊரின் பெரெட்டா குடும்பம் 1526இல் வெனிஸ் ஆயுதசாலைக்கு 185 துப்பாக்கிக் குழல்கள் விற்ற கணக்கு இன்றும் இருக்கிறது. கிளிசென்டி, பெரெட்டா என்று ராணுவக் கைத்துப்பாக்கிகள் ஒரு பக்கம், பெனெல்லி, பார்தினி என்று போட்டித் துப்பாக்கிகள் மறுபக்கம். வரி சேர்க்கச் சரக்குக்குப் பஞ்சமில்லை.

இந்த வேலை இரும்பைப் பொறுத்தவரை நேர்மையானது, இரும்புக்கு வெளியே வந்ததும் தடுமாறுகிறது என்பது என் கணிப்பு. ஓர் இத்தாலியத் துப்பாக்கியை ஏற்காட்டுக்கு ஏற்றிப் பார்த்தால் இது தெரிந்துவிடும்.

ஆட்டத்துக்கு ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையை, 1940களில், எடுத்துக்கொள்வோம். சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820களில் கொண்டுவந்த காப்பி அப்போதே மலையெங்கும் எஸ்டேட்டுகளாகியிருந்தது. துரை பங்களாக்கள், சுற்றிலும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள், இரவில் இறங்கி வரும் காட்டெருமை. இத்தாலியத் துப்பாக்கி அங்கே வந்து சேரவும் வழி உண்டு. 1941இல் எரித்ரியாவின் கெரன் மலைகளில் இத்தாலியரோடு மோதியவை இந்தியாவின் 4ஆம், 5ஆம் டிவிஷன்கள். இத்தாலியப் போர்க்கைதிகளுக்குப் பெங்களூரில் முகாம்களே இருந்தன. ஊர் திரும்பிய ஒரு சிப்பாயின் டிரங்குப் பெட்டியடியில் ஒரு பெரெட்டா 1934 கிடந்தது என்று கதை கட்டினால் யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். எண்ணாக்கும் வேலை துப்பாக்கியை உற்றுப் பார்க்க வைக்கிறது. 1910ஆம் ஆண்டின் கிளிசென்டியில் சட்டகத்தின் இடப்பக்கம் முழுவதும் கழன்று வரும் ஒரு தகடு. துடைக்க வசதி, உறுதிக்குக் கேடு. அதனால் அதற்கென்று மருந்து குறைத்த தோட்டா செய்தார்கள். வெளியளவில் அது ஜெர்மானிய 9 மி.மீ. தோட்டாவேதான். ஜெர்மானியத் தோட்டாவைத் தெரியாமல் போட்டாலும் உள்ளே போகும், சுடும், துப்பாக்கியைத் தளர்த்தியும் விடும். நல்ல ஆர்வலர் இதைத் தவறவிடுவதில்லை. சேதத்தை ஒரு படி இறக்கி, தவறான தோட்டாவுக்குப் பழுதெண்ணை மோசமாக்கிவிடுவார். அந்த ஒரே வரியிலிருந்து மேசையில் ஒரு காட்சி பிறக்கிறது. கிளிசென்டி வைத்திருப்பவனிடம் ஒருவன் ஜெர்மன் தோட்டாப் பெட்டியை நீட்டுகிறான், வாங்குவதா வேண்டாமா?

நம் சினிமாவில் கதாநாயகனின் துப்பாக்கிக்குக் குண்டு தீர்வதே இல்லை. மேசையில் பெரெட்டாவுக்கு ஏழுதான், எண்ணித்தான் ஆக வேண்டும். அந்த ஏழும் காட்டெருமையிடம் எடுபடாது. 9 மி.மீ. குட்டைத் தோட்டாவின் சேதம் இரண்டு பகடை, அதாவது சராசரி ஏழு. சராசரி மனிதனின் உயிரெண் பத்து. ஒரு டன் வரை போகும் காட்டெருமைக்கு அது இரண்டு மடங்குக்கும் மேல். காப்பிச் செடிகளுக்கு நடுவே அதற்கு எதிரே பெரெட்டாவை உருவுகிறவனுக்கு என்ன ஆகும் என்று பகடை சொல்லிவிடும். இந்த நிதானம் அட்டவணையால் வந்தது.

சிக்கல் அடுத்த நிலையில். ஏழு குண்டும் தீர்ந்ததும் பெரெட்டா 1934இன் மேற்பாகம் பின்னால் நிற்கும். அதை அப்படி நிறுத்துவது காலியான மேகசினின் உள்தகடு மட்டுமே, தனிப் பூட்டு கிடையாது. மேகசினைப் பிடுங்கினால் மேற்பாகம் ‘சட்’டென்று முன்னால் போய்விடும். புதியதைச் செருகி, மறுபடி ஒருமுறை பின்னுக்கு இழுத்துவிட்டுத்தான் சுடலாம். அந்த அழுத்தத்தில் காலி மேகசினும் லேசில் வெளியே வராது. வேர்த்த கையில் இது நீளமான வேலை. அட்டவணையோ மேகசின் போடும் கைத்துப்பாக்கிக்கெல்லாம் மூன்று விநாடி என்று பொதுவாக எழுதிவிடுகிறது. சேதத்தில் ஒரு புள்ளி கூடுமா குறையுமா என்று மணிக்கணக்கில் வாதிடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அட்டவணையின் எந்தப் பத்தி முக்கியம் என்பதில் இருக்கும் இந்தக் கோணலைக் காட்ட இந்திய வரலாற்றிலேயே ஒரு பெரெட்டா 1934 உண்டு. காந்தியைக் கொன்றது அதுதான். 1948 ஜனவரி 20ஆம் தேதி முதல் முயற்சிக்கு முன்பு, சதிகாரர்கள் தில்லியில் இந்து மகாசபை பவனுக்குப் பின்னாலிருந்த காட்டில் இரண்டு ரிவால்வர்களைச் சோதித்தார்கள். ஒன்றின் உருளை சுழலவில்லை. இன்னொன்றின் குண்டு குறிவைத்த மரத்தை எட்டாமல் விழுந்தது. அப்ரூவராக மாறிய திகம்பர் பட்கேயின் சாட்சியம் இது. அன்றைய முயற்சி தோற்ற பிறகு நம்பிக்கையான ஒரு துப்பாக்கி தேடி சதிகாரர்களில் கோட்சேயும் ஆப்தேயும் குவாலியர் போனார்கள். அங்கே கிடைத்த பெரெட்டா, அபிசீனியாவில் இத்தாலியரிடமிருந்து குவாலியர் படை அதிகாரி ஒருவர் கைக்கு வந்தது என்று பரவலாகச் சொல்வார்கள். ஜனவரி 30 மாலை, பிர்லா மாளிகையில், கைக்கெட்டும் தூரத்திலிருந்து மூன்று முறை சுட்டது. அந்தத் தூரத்தில் துல்லியப் பத்திக்கு வேலையே இல்லை. சேதப் பத்தியில் ரிவால்வரும் பெரெட்டாவும் பெரிதாக வேறுபடுவதில்லை. வேறுபட்டது பழுது. அதைவிட, கை மாறிக் கை மாறி வந்த வழி. பழுதுக்கு அட்டவணையில் கடைசியில் ஓர் எண் உண்டு, வந்த வழிக்கு இடமே இல்லை.

போட்டித் துப்பாக்கி விஷயத்தில் கோணல் வேடிக்கையாகவே ஆகிவிடுகிறது. பார்தினி, பெனெல்லி மாதிரியான .22 துப்பாக்கிகளுக்குத் துல்லியத்தில் ஒரு புள்ளி கூட்டிக் கொடுக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் மற்ற பத்திகளில் சாதாரணத் துப்பாக்கி மாதிரியே எழுதிவிடுவதால், கணக்குத் தெரிந்த ஆட்டக்காரர் துப்பறிவாளர் பாத்திரத்துக்கும் பார்தினியையே கேட்கிறார். அதன் மரப்பிடியைப் பார்த்தவர் கேட்க மாட்டார். ஒருவர் கைக்கென்றே அரத்தால் ராவி, மக்கு பூசி, மறுபடி தேய்த்து, விரல் விரலாகப் பள்ளம் எடுத்த பிடி அது. அடுத்தவர் கையில் சரியாக உட்காராது, இடக்கைக்கு மாற்றவும் முடியாது, உறையிலும் அடங்காது.

விதிக்குள் அடங்காத திறமையும் இருக்கிறது. 25 மீட்டர் ரேபிட் ஃபயர் போட்டியின் கடைசிச் சுற்றில், 45 பாகையில் தாழ்த்திய கையை உயர்த்தி, நான்கு விநாடிக்குள் ஐந்து இலக்குகளிலும் ஒவ்வொரு குண்டு போட வேண்டும். லண்டன் ஒலிம்பிக்கில், 2012இல், விஜய் குமார் வெள்ளி வாங்கியது இந்தப் போட்டியில்தான். கர்ப்ஸ் கணக்கில் இதை ஓட்டிப் பாருங்கள். தூரத்துக்கு ஒரு கழிவு, இலக்கின் சிறுமைக்கு ஒரு கழிவு, குறிபார்க்க நேரமில்லாததால் துல்லியப் புள்ளியும் கிடையாது. மைதானச் சலுகை எதையும் கொடுக்காவிட்டால் உலகத் தரத்து வீரரும் வெறுங்காற்றைத்தான் சுடுவார். சண்டைக்கென்று எழுதிய விதி அது, பயிற்சிக்கூடத்தின் ஒழுங்கு அதற்குப் புரியாது. டோக்கியோவில் மனு பாக்கருக்கு நடந்தது இன்னொரு வகை. 2021 ஜூலை 25, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. அவருடைய துப்பாக்கி சுவிட்சர்லாந்தின் மொரினி, விசை மின்னணு வகை. பாதியில் பழுதாகி, சரிசெய்து திரும்புவதற்குள் பல நிமிடங்கள் போயின. 575 புள்ளியோடு 12ஆம் இடம், இறுதிச் சுற்றுக்கு இரண்டு புள்ளி குறைவு. மேசை விதியில் பழுது என்றால் தோட்டா வெடிக்காமல் போகும், சிக்கிக்கொள்ளும், இயந்திரம் கோளாறாகும், அரிதாகத் துப்பாக்கியே வெடிக்கும். கடிகாரம் ஓட ஓடக் கைநடுக்கம் கூடுவதற்கு விதி எழுத யாருக்கும் தோன்றவில்லை.

சட்டம் இன்னும் மோசம். அதற்கு ஒரே ஓர் இலக்கம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் துப்பாக்கியின் தோட்டா அளவைப் பல நாடுகளில் தீர்மானித்ததே சட்டம்தான். ராணுவத்தின் 9×19 தோட்டாவை இத்தாலியக் குடிமக்கள் கைத்துப்பாக்கிக்கு வாங்க முடியாதென்று நெடுங்காலம் தடை இருந்ததால், உறையில் இரண்டு மில்லிமீட்டர் கூட்டி 9×21 என்று விற்றார்கள். சேதப் பத்தியில் இரண்டும் ஒன்று. இந்தியாவில் 9 மி.மீ. தடைசெய்த அளவு என்பதால்தான் கான்பூரில் .32 ரிவால்வர் செய்து உரிமக்காரருக்கு விற்கிறார்கள். பயிர்ப் பாதுகாப்புக்கென்று தனி உரிமம், 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாதென்ற கட்டு, தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி வரும் உத்தரவு, இதெல்லாம் எந்த இலக்கத்துக்குள் அடங்கும்? இன்றைய ஏற்காட்டில் ஆட்டம் நடந்து, கதைக்குள் தேர்தல் வந்தால், வில்லன் வரும் நேரத்தில் நாயகனின் துப்பாக்கி ரைட்டரின் அலமாரியில் இருக்கும். இதைவிட நல்ல திருப்பத்தை எந்தப் பகடையும் தராது.

இத்தாலியத் துப்பாக்கி சேர்வராயனுக்கு விருந்தாளி. அங்கே குடியிருப்பது ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. வாய்வழியாகக் கரிமருந்து கொட்டி, நார் அடைத்து, பால்ரஸ் குண்டு போட்டு, கம்பியால் இடித்து, கேப்பு வைத்துக் குதிரையைத் தட்டுவது. உரிமமில்லாதவற்றைக் கொண்டுவந்து ஒப்படையுங்கள், வழக்கு கிடையாது என்று மலையூர்களில் போலீசார் அவ்வப்போது அறிவிப்பதும், புதரில் போட்டுவிட்டுப் போனவற்றை எடுத்து வருவதும் சேலம் வாசகர்களுக்குப் பழகிய செய்தி. பெரெட்டாவின் சேதத்தைப் புள்ளி புள்ளியாக அளக்கிற அட்டவணை, இந்த நாட்டுத் துப்பாக்கியைப் பெரும்பாலும் காலத்தால்தான் அறியும். கேப்புத் துப்பாக்கிக் காலத்துக்குப் பழுதெண் 16, நவீனத்துக்கு 17. மூன்று பகடையில் 16ஓ அதற்கு மேலோ விழ 216இல் 10 வாய்ப்பு, அதாவது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. பட்டறையில் யாரோ அடித்த குழலுக்கும் பேர்பெற்ற தொழிற்சாலைக் குழலுக்கும் இந்த அடிப்படை எண்ணில் பேதமில்லை. ஐப்பசி மழையில் பனிமூட்டம் இறங்கி மருந்து நமுத்துப்போகும் மலையில் ஐந்து சதவீதம் என்று சொன்னால் ஏற்காட்டுக்காரர் சிரிப்பார். விதியில் ஈரத்துக்குக் கழிவு உண்டு, ஆட்டத்தை நடத்துகிறவர் அதை நினைவில் வைத்திருந்தால்.

எல்லாவற்றுக்கும் பத்தி சேர்த்துக்கொண்டே போகலாமே என்பார்கள். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பத்தி கூடக் கூட மேசை படுத்துவிடும். ஒரு வேட்டுக்கு மூன்று முறை பகடை உருட்டுவதற்குள் காப்பி ஆறிவிடும். 1940களின் சேர்வராயன் ஆட்டத்தை நான் நடத்தினால், கைத்துப்பாக்கிகளின் சேதத்தை எல்லாம் சமமாக்கி இரண்டு பகடை என்று முடித்துவிடுவேன். கிளிசென்டியின் தகடு மாதிரி, பெரெட்டாவின் மேகசின் மாதிரி, துப்பாக்கிக்கு ஒரே ஒரு கோளாறை மட்டும் வரியில் வைத்துக்கொள்வேன். மிச்சமாகிற இடத்தில் மூன்று கேள்விகள்: யாரிடமிருந்து வந்தது, உரிமம் யார் பெயரில், தோட்டாவை எங்கே வாங்குவது. கெரனிலிருந்து வந்த பெரெட்டாவை வைத்திருப்பவன் மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடிச் சேலத்துக்கு இறங்கியே ஆக வேண்டும். அங்கே யாரை நம்பிக் கேட்பது என்பதிலிருந்து அந்த இரவு ஆட்டத்தைத் தொடங்கலாம்.