உள்ளங்கைக்கு ஏற்ற மரம்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கர் 10 மீட்டர் எயார் பிஸ்டலில் வெண்கலம் வென்றதை வெள்ளவத்தையில் தொலைக்காட்சியில் பார்த்தபோது, என் கண் கைப்பிடியிலேயே நின்றது. ஒற்றைக் கையால்தான் சுடவேண்டும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமோ 11.5 மில்லிமீட்டர். வால்நட் மரக் கைப்பிடியை வலக்கை இடக்கை பிரித்து, அளவு பார்த்து வாங்கினாலும் வேலை முடியாது. உறுத்தும் இடத்தை அரத்தால் ராவி, இடைவெளி இருந்தால் மரமக்கு அப்பி, காய்ந்தபின் மறுபடி ராவுவார்கள். எவ்வளவு அழகான பொறுமை! சுட்டுவிரல் மரத்தில் உரசாமல் விசையில் நேராகப் படியவேண்டும். 500 கிராமுக்குக் குறையாத அந்த விசை இழுவை பக்கவாட்டில் சரிந்தால் குறி விலகும். உள்ளங்கையைத் தாங்கும் தட்டை ஏற்றி இறக்கலாம். மணிக்கட்டுக்கு மட்டும் முட்டுக்கொடுக்க விதி விடாது. அது நியாயமான விதி. மணிக்கட்டை அசையாமல் வைப்பது சுடுபவரின் பயிற்சி.