சகரத்தின் உரசொலியும் ஒலிக்கலவையும்: ஒரு மதிப்பீடு

இன்றைய தமிழ்ப் பாடல் ஒலிப்பதிவுகளைச் செவிமடுக்கும்போது, சகரம் வரும் இடங்கள் இருவகையாகச் சிதைந்திருப்பதைக் காண்கிறோம். சிலவற்றில் அது காதைக் கீறுகிறது; வேறு சிலவற்றில் இருந்த இடமே தெரியாமல் மழுங்கிவிடுகிறது. முன்னதைக் குறைகூறுவோர் பலர். பின்னதைக் குறையாகக் கருதுவோர் அரியர். நம் நோக்கில் பின்னதே பெருங்கேடு.

தொல்காப்பியப் பிறப்பியல் சகரத்தை இடைநாவும் அண்ணமும் பொருந்தப் பிறக்கும் எழுத்தாகக் காட்டுகிறது. இன்றைய வழக்கிலோ அது 'பச்சை' என்பதில் தடையுரசொலியாகவும், 'மஞ்சள்' என்பதில் ஒலிப்புடை ஒலியாகவும், 'பாசம்' என்பதில் உரசொலியாகவும் ஒலிக்கிறது. சொல்முதலில் வட்டாரத்திற்கும் பாடுவோரின் பழக்கத்திற்கும் ஏற்ப வேறுபடுகிறது. கிரந்த எழுத்துகள் சேரும்போது சிக்கல் மேலும் கூடுகிறது. ஸகரத்தின் ஆற்றல் பெரும்பாலும் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் குவிகின்றது. ஷகரத்தின் ஆற்றல் அதற்கும் கீழேயே தொடங்கிவிடுகின்றது.

டி-எஸ்ஸர் எனும் கருவி இவ்வேறுபாடுகளை அறியாது. குறித்த அதிர்வெண் பகுதியில் ஒலி வரம்பு மீறும்போதெல்லாம் அதனை அமுக்குவதே அதன் தொழில். வரம்பை மிகத் தாழ்த்தி வைத்துவிட்டால், மென்மையாகப் பாடப்பட்ட சகரமும் நசுங்கும். நசுங்கிய சகரம் செவிக்குத் தகரம்போல் மயங்கும், 'சீமை' 'தீமை'யாகும். சில ஆண்டுகளுக்கு முன்னர் நம் மாணவி ஒருவர் பாடிய பக்திப் பாடல் ஒலிக்கூடத்திலிருந்து மீண்டு வந்தபோது, 'சேர்ந்தோம்' என்று அவர் பாடியது 'தேர்ந்தோம்' என்றே நமக்குக் கேட்டது. இரண்டும் பொருளுடைய சொற்களாதலின், ஏட்டைப் பார்க்கும்வரை ஐயம் எழவே இல்லை. தமிழாசிரியர்களாகிய நமக்கு இது சிறிது நாணத்தையும் தந்தது.

பழைய பாடல்களில் இக்குறை இல்லையே, அக்காலப் பாடகர்களின் உச்சரிப்பே சிறந்தது என வாதிடுவோர் உளர். இது பாதி உண்மையே. படச்சுருளின் ஒளிவழி ஒலித்தடமும் மத்திய அலை வானொலியும் உயர் அதிர்வெண்களை முழுமையாகக் கொண்டுசேர்க்கவில்லை. 1938இல் ஹாலிவுட்டில் வகுக்கப்பட்ட அகாதமி வளைவும் திரையரங்கு ஒலியின் உச்சப் பகுதியைத் தாழ்த்தியே ஒலிக்கச் செய்தது. கூர்மை பாடகரிடம் இருந்திருக்கலாம், நம்மை வந்தடையவில்லை.

இன்றைய கூர்மையில் ஒரு பகுதி நாமே உண்டாக்குவது. உச்சப் பகுதியை மிகைப்படுத்தும் கண்டென்சர் ஒலிவாங்கியை வாயருகே நேராக வைக்கிறோம். பின்னர் கம்பிரஸர் உயிரொலிகளைத் தாழ்த்துகிறது. குறைந்த ஒலியளவை ஈடுசெய்ய முழுவதையும் உயர்த்தும்போது சகரமும் உடன் எழுகிறது. அதற்குமேல் 'தெளிவு' வேண்டி உச்ச அதிர்வெண்களைக் கூட்டுகிறோம்; எதிரொலி சேர்த்து அவ்வுரசலை நீட்டவும் செய்கிறோம். இத்தனைக்கும் பிறகே டி-எஸ்ஸரை நாடுகிறோம். அதனை விலக்க வேண்டும் என்பதன்று நம் கருத்து. எதிரொலிக்குச் செல்லும் குரலில் அதனைச் சற்று அழுத்தமாகப் பயன்படுத்தலாம். நேர்க்குரலில் அதற்கு வேலை குறைவாகவே இருத்தல் நன்று.

அம்மாணவியின் பாடலை மீண்டும் பதிவு செய்தபோது ஒலிவாங்கியைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி வைத்தோம். பெரும்பாலான இடங்கள் அதனாலேயே சீராயின. எஞ்சிய சகரங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, இரண்டு மூன்று டெசிபெல் அளவுக்குக் கையாலேயே தாழ்த்தினோம். அதற்கு அரைமணி நேரமே ஆயிற்று.