ஒரு மணி நேரச் சேவையும் குளத்தின் காலண்டரும்

2023 அக்டோபர் 1, ஞாயிற்றுக்கிழமை. காலை 10 மணிக்கு நாடு முழுக்க எல்லாரும் ஒரு மணி நேரம் துப்புரவு வேலை செய்யணும்னு ஒன்றிய அரசு கேட்டுக்கொண்டது. மறுநாள் காந்தி ஜெயந்தி. அதற்கு முன்னஞ்சலியாக இந்தச் 'சிரமதானம்'. நம்ம குமரி மாவட்டத்திலும் காந்தி ஜெயந்தியை ஒட்டிக் கடற்கரை, பேருந்து நிலையம், குளத்தங்கரை என்று துடைப்பங்கள் வெளியே வருவது வருஷா வருஷம் நடப்பதுதான். வருகிற பிள்ளைகளின் மனசைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் விமர்சனம் திட்டத்தின் வடிவத்தைப் பற்றியது.

முதலில் கணக்கு. 2014 அக்டோபர் 2-ல் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபோது எடுக்கச் சொன்ன உறுதிமொழியில் வாரம் 2 மணி நேரம், வருஷத்துக்கு 100 மணி நேரம் என்று இருந்தது. ஒன்பது வருஷத்தில் பெரிய அழைப்பு ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிட்டது. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டமோ ஒரு மாணவரிடம் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் கேட்கிறது. போக, ஒரே ஊரில் தங்கி ஏழு நாள் முகாம். ஏழு நாள் தங்கினால்தான் எந்த ஓடை எங்கே அடைகிறது, யார் வீட்டுச் சாக்கடை எந்த வாய்க்காலில் சேர்கிறது என்பதாவது கண்ணில் படும். ஒரு மணி நேரத்தில் குப்பை தெரியும், அது வரும் வழி தெரியாது.

அடுத்தது தேதி. நாஞ்சில் நாட்டுக் குளத்துக்கென்று ஒரு காலண்டர் உண்டு. கோதையாறு பாசனத்தில் பேச்சிப்பாறைத் தண்ணீர் பொதுவாக ஜூன் வாக்கில் திறந்து பிப்ரவரி கடைசி வரை ஓடும். கன்னிப்பூ அறுத்து கும்பப்பூவுக்கு வயல் தயாராகிற நேரம்தான் புரட்டாசி, அதாவது காந்தி ஜெயந்தி. அடுத்து வடகிழக்குப் பருவமழை. குளம் நிறையும் காலத்தில் தூர்வார முடியுமா? கரையில் நின்று கைக்கு எட்டுகிற ஆகாயத்தாமரையை இழுத்துப் போடலாம். மிச்சம் கிடப்பது சில வாரங்களிலேயே பெருகிவிடும். மண் எடுக்க, மடையைப் பார்க்க, கரையைப் பலப்படுத்த வேண்டிய நேரம் பங்குனி, சித்திரை வெயில். அந்த வெயிலில் எந்தத் தேசிய தினமும் வருவதில்லை.

"அந்தக் காலத்தில் குடிமராமத்து என்று மக்களே செய்தார்களே" என்று மேடையில் சொல்வார்கள். செய்தார்கள், ஆனால் அது தொண்டு இல்லை, கடமை. தண்ணீர் பாய்கிறவன் ஆள் அனுப்பணும். பெரும்பாலும் அந்த 'ஆள்' நிலமில்லாத கூலிதான். மதராஸ் மாகாணத்தில் 1858-ல் இதற்குச் சட்டமே போட்டார்கள். அதன் பெயரே கட்டாய உழைப்புச் சட்டம். நம்ம பக்கம் திருவிதாங்கூரில் நிலைமை இன்னும் மோசம். ஒடுக்கப்பட்ட சாதிகள் அரசுக்குக் கூலியில்லாமல் செய்த வேலைக்குப் பெயர் ஊழியம். சாமித்தோப்பு வைகுண்டர் எதிர்த்துப் பேசியவற்றில் அதுவும் ஒன்று. இன்றைக்கு அதே சொல் இங்கே தேவாலயப் பணியைக் குறிக்கிறது. கட்டாயமும் தொண்டும் ஒரே சொல்லில் குடியிருந்த ஊர் இது. அதனால்தான் இலவச உழைப்பு என்றதும் யாருடைய உழைப்பு என்று நான் கேட்கிறேன். சேவை நாளில் கட்டிவைத்த மூட்டைகளை மறுநாள் காலையில் தூக்கப்போவது தூய்மைப் பணியாளர். அவருக்குக் கையுறை உண்டா, சம்பளம் நேரத்துக்கு வருகிறதா என்பது அந்த ஒரு மணி நேர நிகழ்ச்சி நிரலில் இருப்பதில்லை.

அப்படியானால் ஒரு நாள் சேவையே வீணா? இல்லை. 1986-ல் டெக்சாஸில் தொடங்கிய சர்வதேசக் கடற்கரைத் தூய்மை நாளைப் பாருங்கள். பொறுக்குகிற ஒவ்வொன்றையும் வகை பிரித்து எண்ணி எழுதுகிறார்கள். மூடி எத்தனை, உறிஞ்சுகுழல் எத்தனை, வலைத்துண்டு எத்தனை. அடுத்த வருஷம் அதே கடற்கரையில் அதே எண்ணிக்கை. அங்கே ஒரு நாள் என்பது அளவுகோல். அரசிடமும் கம்பெனியிடமும் போய்க் கேள்வி கேட்க அதில் ஆதாரம் கிடைக்கிறது. குளச்சலிலோ முட்டத்திலோ பள்ளிப் பிள்ளைகள் பத்து வருஷம் இப்படி எண்ணினால் அதற்கு ஒரு ஆவண மதிப்பு வரும்.

அதேபோல 2004 டிசம்பர் 26-ஐயும் மறக்க முடியாது. சுனாமி அன்று எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை, ஆட்கள் வந்தார்கள். கூப்பிட்டால் வரக்கூடிய சனம் இங்கே இருக்கிறது. கூப்பிடுகிறவர்கள்தான் சரியான வேலைக்கு, சரியான மாசத்தில் கூப்பிட வேண்டும்.

கன்னியாகுமரி காந்தி மண்டபத்தில் அக்டோபர் 2 மதியம் கூரைத் துவாரம் வழியாக வெயில், அஸ்தி வைத்திருந்த இடத்தில் விழும். சூரியனுக்கு வருஷத்தில் ஒரு நாள் போதும். குளத்துக்குப் போதாது. அக்டோபர் 2-ல் ஊர் கூடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடி, எந்தக் குளம், எந்த மடை, யார் பொறுப்பு என்று பேசி, சித்திரைக்கு ஆள் கணக்கு எழுதிவிட்டுக் கலையட்டும். துடைப்பத்தை அன்றைக்கு வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாலும் பரவாயில்லை.