துளையிட்ட தட்டும் தங்கவயல் சாலையும்

2001ஆம் ஆண்டு பிப்ரவரிக் கடைசியில் சுரங்கம் மூடப்பட்டது முதல், விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு வீடு திரும்புவதையே ஜீவனமாகக் கொண்ட கோலார் தங்கவயலில், உத்தியோகமும் சம்பளமும் சற்று உயர்ந்த இளைஞர் சிலர் வேகமான கார்களை வாங்கி ஓட்டத் தொடங்கியிருப்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஹொசகோட்டையிலிருந்து தங்கவயல் தாலூகா வரையில் ஏறத்தாழ எழுபது கிலோமீட்டர் தூரத்துக்கு, 120 கிலோமீட்டர் வேகத்துக்கென்றே வகுக்கப்பட்ட சென்னை விரைவுச்சாலையின் பகுதி 2024 டிசம்பரில் திறந்துவிடப்பட்ட பிறகு, எஞ்சினைப் போலவே பிரேக்கையும் பந்தயத் தரத்துக்கு ஏற்றிவிட வேண்டும் என்ற ஆசையும் உடன் வந்து சேர்ந்தது. கம்பெனி மாட்டிக்கொடுத்த டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத் துளையிட்டதோ வரிப்பள்ளம் வெட்டியதோ ஒன்றைப் பூட்டி, அதற்கு ஜோடியாகப் பந்தயப் பேட் வைக்கும் இந்த வழக்கத்தின் குணத்தையும் குற்றத்தையும் நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது தகும்.

துளைக்கு நியாயமான ஒரு பூர்வீகம் உண்டு. அக்காலத்துப் பேட்களில் நார்களைப் பிணைத்து நிறுத்திய பிசின், உஷ்ணம் ஏறியதும் ஆவியைக் கக்கும். அந்த ஆவி பேட்டுக்கும் தட்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக நின்று பிடியைக் கெடுக்கும். அது வெளியேற வழி செய்வதற்கென்றே தட்டில் துளை போட்டார்கள். இன்றைய பேட்கள் அவ்வளவு ஆவியைக் கக்குவதில்லை. ஆகையால் துளை தன் மூல காரணத்தைப் பெரும்பாலும் இழந்துவிட்டு, அலாய் சக்கரத்தின் இடுக்கு வழியே தெரியும் அலங்காரமாக நிலைபெற்றிருக்கிறது. மழை நீரைச் சற்று விரைவாக வடிக்கும் என்பது மெய்யே. ஆயினும் உஷ்ணத்தை ஏற்றுக்கொள்ள வேண்டிய இரும்பையே குறைத்து, ஒவ்வொரு துளையின் விளிம்பையும் வெடிப்புக்கு ஆரம்ப ஸ்தானமாக்கி வைப்பது அதற்குக் கொடுக்கும் விலை. வரிப்பள்ளம் இவ்வளவு தோஷமுடையதல்ல. அது பேட்டின் முகத்தைச் சுரண்டிப் புதுப்பிக்கும்; பதிலுக்குப் பேட்டைச் சீக்கிரம் தின்னும், முனகும்.

பிரேக் செய்வதெல்லாம் வேகத்தை உஷ்ணமாக மாற்றுவதுதான் என்பதால், கணக்குப் போட்டுப் பார்ப்பதே இவ்விஷயத்தில் உத்தமமான வழி. ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் 120 கிலோமீட்டர் வேகத்தில் தாங்கியிருக்கும் சக்தி ஏறக்குறைய 7,20,000 ஜூல். வேகம் பாதியானால் அது நாலில் ஒரு பங்காகிவிடும். அத்தனையும் பிரேக்குக்கே வருவதாக வைத்துக்கொண்டு, அதில் பத்தில் ஏழு பங்கை முன்சக்கரங்கள் சுமப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு முன்தட்டுக்கும் இரண்டரை லட்சம் ஜூல் வரும். ஆறு கிலோ வார்ப்பிரும்புத் தட்டு அதை வாங்கிக்கொண்டு எண்பது டிகிரிக்குச் சற்று மேல்தான் சூடேறும். விரைவுச்சாலையில் அடுத்த தடவை பிரேக்கை மிதிப்பதற்குள் பல கிலோமீட்டர் காற்று அதைத் தணித்துவிடுகிறது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தின் 3.7 கிலோமீட்டர் வளையத்தை மூச்சுவிடாமல் சுற்றிச் சுற்றி வருகிறவருக்கு ஏற்படும் உபத்திரவம், தங்கவயலிலிருந்து வேலைக்குப் போகிறவருக்கு ஏற்படுவதே இல்லை. அன்றியும், மிதித்த மாத்திரத்தில் ஏபிஎஸ் துடிக்கிறதென்றால் பிரேக் தன் கடமையை முடித்துவிட்டது. மிச்சமெல்லாம் டயருக்கும் தாருக்கும் உள்ள விவகாரம். தேய்ந்த டயரின் மேல் விலையுயர்ந்த தட்டை மாட்டுவதில் என்ன பிரயோஜனம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பந்தயப் பேட்டின் குற்றம் இதிலும் நுட்பமானது. அவற்றுள் சில நூறு, நூற்றைம்பது டிகிரியைத் தாண்டிய பிறகே முழுப் பிடியைத் தரும். மார்கழி மாதப் பனியில் ராத்திரி முழுதும் வாசலில் நின்ற கார், மாரிக்குப்பத்துச் சந்திலிருந்து புறப்பட்ட அரை நிமிஷத்தில் குறுக்கே ஓடும் பிள்ளைக்காக நின்றாக வேண்டுமென்றால், அங்கே தேவைப்படுவது குளிர்ந்த பேட்டின் பிடியே ஒழிய, பத்தாவது சுற்றின் பிடியல்ல. பேட்டின் ஓரத்தில் பல சமயம் அச்சாகியிருக்கும் இரண்டு எழுத்துகளை வாங்குகிறவர் படிப்பதில்லை. முதலெழுத்து சாதாரண உஷ்ணத்திலும், இரண்டாவது மிகுந்த உஷ்ணத்திலும் உள்ள உராய்வைக் குறிப்பது. ஈ என்பது 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்பது 0.45 வரை, ஜி என்பது 0.55 வரை. இரண்டும் எஃப் ஆக இருக்கும் பேட், வீதிக்கும் விரைவுச்சாலைக்கும் சேர்த்துப் போதும் என்பது என் அபிப்பிராயம். முன்னால் மட்டும் கடுமையான பேட்டைப் பூட்டி, பின்னால் டிரம்மை இருந்தபடியே விட்டுவிடும் போலோ ஜி.டி. வகைக் கார்களில், முன்பின் சமநிலை சரிந்து முன்சக்கரமே முந்திக்கொண்டு ஏபிஎஸ்ஸை எழுப்பும் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இத்தனை குற்றங்களையும் சொன்ன பிறகு, இந்த வழக்கத்தை ஆதரிப்போருக்கு ஓரிடத்தில் நான் முழுமனதோடு தலைவணங்குவேன். பலமநேரிலிருந்து சித்தூர் நோக்கி இறங்கும் மொகிலி மலைப்பாதை அது. 300 மீட்டர் உயரத்தை இறங்கும் அதே கார் 38 லட்சம் ஜூலைக் கழித்தாக வேண்டும். 120 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஐந்து தடவை அடுத்தடுத்து நிறுத்துவதற்கு அது சமம். வளைவுக்கு வளைவு மிதித்தபடி இறங்குகிறவர், தட்டைக் காற்று தணிக்க அவகாசம் கொடுப்பதில்லை. உஷ்ணம் தாங்கும் பேட்டின் அருமை அங்கே தெரியும். ஆனால் அங்கேயும் முதலில் கைவிடக்கூடியது பேட் அல்ல, பழைய பிரேக் ஆயில். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி வரையில் கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சிப் பழசானது 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். கொதித்த ஆயிலின் ஆவியை அமுக்கும் கால், பெடல் தரையைத் தொடுவதை மட்டுமே உணரும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி, இறக்கத்தில் இரண்டாவது கியரில் எஞ்சினையே இழுக்க விடுகிறவருக்குக் கம்பெனித் தட்டே தாராளம்.

இனி, புதுத் தட்டு மாட்டிய சில மாதங்களில் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியதும் "டிஸ்க் வளைஞ்சு போச்சு" என்று தீர்ப்புச் சொல்லி, லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்குவதும் வழக்கமாகியிருக்கிறது. தட்டு வளைவது அபூர்வம். ஹப்பின் முகத்தில் படிந்த துருவின் மேல் தட்டு அணுவளவு கோணலாக உட்கார்ந்து, சுற்றும்போதெல்லாம் ஒரே இடத்தில் பேட்டை உரசி, அங்கே கனம் மாறிவிடுவதே பெரும்பாலும் காரணம். கடைந்தால் நடுக்கம் சில நாள் மறையும். துரு இருந்த இடத்தில் இருக்கும். தட்டோ அதன் விளிம்பில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்தை நோக்கி ஒரு படி இறங்கியிருக்கும். தட்டை ஏற்றுமுன் ஹப்பைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, டயல் கேஜை ஊன்றிச் சுற்றிப் பார்க்க அரைமணி நேரம் போதும். சுரங்கத்துப் பட்டறைகளில் கை பழகிய ஃபிட்டர்களை வளர்த்த ஊரில் அதற்கு ஆள் கிடைக்காமல் போகாது. துளையிட்ட தட்டுக்குப் பல ஆயிரம் எண்ணிக்கொடுக்கிறவர், இந்த அரைமணி வேலைக்குக் கூலி கொடுக்க மட்டும் பேரம் பேசுகிறார்.