குமர்துலியின் களிமண் கலை

வடகொல்கத்தாவில் ஹூக்ளி ஆற்றை ஒட்டியுள்ள குயவர் குடியிருப்பான குமர்துலியில், துர்க்கை பூசைக்குரிய உருவங்கள் தலைமுறை தலைமுறையாக உருவாகி வருகின்றன. மூங்கில் சட்டத்தில் வைக்கோலை இறுகக் கட்டி உடலமைப்பை உருவாக்கிய பின், உமி கலந்த ஒட்டுக்களிமண்ணை அதன்மேல் அப்பி, உலர்கையில் தோன்றும் வெடிப்புகளை மண்குழம்பில் தோய்த்த துணிக்கீற்றுகளால் மூடி, நுண்மண்ணால் மெழுகுகின்றனர். வண்ணத்துக்கு அடியில் மறைந்துபோகும் இந்தப் பொறுமையான வேலையே கலையின் உச்சம் எனத் தோன்றுகிறது. சிற்பியர் மரபில் கண் திறத்தல் எனப்படும் விழி வரைதல், வழக்கப்படி மகாளய நாளில் நிகழ்கிறது. 2021இல் கொல்கத்தாவின் துர்க்கை பூசை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. நீர்த்தாவரமான நெட்டியின் வெண்ணிறத் தண்டைத் தாள்போல் மெல்லிதாகச் சீவி இவ்வுருவங்களுக்கு அணிகலன் செய்வோரின் கைத்திறனும் அப்பெருமைக்கு உரியதே.